செஞ்சிக்கு ஓடிவந்த ராஜா

(மூன்றாம் ஆண்டு சிவில் மாணவன், அனந்தபுரம்)

செஞ்சி என்றாலே எல்லோருக்கும் தேசிங்குராஜாதான் ஞாபகத்துக்கு வருவார். எங்கள் அனந்தபுரம் பக்கம் களத்துமேட்டில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களைக் கேட்டால்கூட அந்தக் கதையை ஒரு மூச்சில் சொல்லிவிடுவார்கள். குதிரை, உயிர் நண்பன் மகபத்கான், புதுக்கல்யாணம், கப்பம் கட்ட முடியாது என்று ஆற்காட்டு நவாபை எதிர்த்தது, 1714 அக்டோபர் 3-ஆம் தேதி போர்க்களத்தில் உயிரை விட்டது. இருபத்திரண்டு வயதுதான் இருக்கும் என்பார்கள். கேட்கிற நமக்கே ரத்தம் சூடாகும்.

இந்த ஆண்டு மலருக்குத் தலைவர்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு கட்டுரை வேண்டும், வாழ்க்கையில் குறிக்கோள், அமைப்பை வழிநடத்துவது இந்த மாதிரி தலைப்பில் இருக்கட்டும் என்று மலர்க்குழுவில் சொன்னார்கள். நான் பேர் கொடுக்கப் போவதற்குள் காமராஜர், அப்துல் கலாம், நேதாஜி எல்லோரையும் மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நான் எங்க ஊர்ப் பக்கத்து ராஜாவைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். தேசிங்குதானே என்று எழுதிக்கொள்ளப் போனார்கள். இல்லை என்றேன். தேசிங்குக்கு இருபத்தைந்து வருஷம் முன்னால் அதே கோட்டைக்குள் வந்து சேர்ந்த இன்னொரு சின்ன வயசு ராஜா. பெயர் ராஜாராம். சத்ரபதி சிவாஜியின் இரண்டாவது மகன். மகாராஷ்டிராவில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த பெயர். நம்ம செஞ்சியில் அவர் பெயரில் ஒரு கூத்தோ பாட்டோ நான் கேட்டதில்லை. காரணம் எனக்குப் புரிகிறது. தேசிங்கு நின்று செத்தவர். ராஜாராம் ஓடிவந்தவர், கடைசியில் இங்கிருந்தும் ஓடிப்போனவர். ஓடினவனுக்கு யார் பாட்டுக் கட்டுவார்கள்?

அந்த ஓட்டத்தைப் பற்றித்தான் நான் எழுதப் போகிறேன் நண்பர்களே. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ராஜாராம் பிறந்தது 1670 பிப்ரவரியில். அம்மா சோயராபாய். அண்ணன் சம்பாஜி வேறு தாய்க்குப் பிறந்தவர், பதின்மூன்று வயது மூத்தவர். 1680 ஏப்ரலில் சிவாஜி இறந்தபோது ராஜாராமுக்குப் பத்து வயது. அம்மாவும் சில அமைச்சர்களும் சேர்ந்து அந்தப் பத்து வயதுப் பையனைச் சிம்மாசனத்தில் உட்கார வைத்தார்கள். சில வாரம்தான். படை முழுக்க சம்பாஜி பக்கம் போய்விட்டது. சம்பாஜி ராய்கட் கோட்டைக்கு வந்து ராஜா ஆனார். தம்பியைக் கோட்டையிலேயே காவலில் வைத்தார். 1681-இல் சதி செய்தார் என்ற குற்றச்சாட்டில் சோயராபாயின் உயிர் போனது.

பத்து வயதிலிருந்து பத்தொன்பது வயது வரை ராஜாராம் ராய்கட்டிலேயே இருந்தார். படை நடத்திப் பழகவில்லை. நிர்வாகம் பழகவில்லை. அப்பா சிவாஜி பதினாறு பதினேழு வயதிலேயே கோட்டை பிடிக்கக் கிளம்பியவர். அண்ணன் வாலிப வயதிலேயே போர்க்களம் பார்த்தவர். இவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு மலையும் அதன் மதில்களும்தான். அந்த ஒன்பது வருஷமும் அவர் என்ன நினைத்துக்கொண்டு இருந்திருப்பார் என்று நான் யோசித்திருக்கிறேன். வாழ்க்கையில் எனக்கு ஒரு திசை இருக்கிறது என்று அவர் நினைத்திருக்கவே முடியாது. மற்றவர்கள் தூக்கி உட்கார வைத்தால் உட்கார வேண்டும், இறக்கிவிட்டால் இறங்க வேண்டும். அவ்வளவுதான்.

1689 பிப்ரவரி 1-ஆம் தேதி சங்கமேஷ்வர் என்ற ஊரில் சம்பாஜி மொகலாயரிடம் மாட்டிக்கொண்டார். மார்ச் 11-ஆம் தேதி ஔரங்கசீப்பின் உத்தரவுப்படி சித்திரவதை செய்து கொல்லப்பட்டார். அதற்குள் ராய்கட்டைச் சுற்றி மொகலாயப் படை நெருங்கிவிட்டது. பிஜப்பூர் 1686-இலும் கோல்கொண்டா 1687-இலும் ஏற்கனவே விழுந்துவிட்டன. தக்காணத்தில் பாக்கி இருந்த பெரிய எதிரி மராட்டிய நாடு ஒன்றுதான். அதுவும் தலை போன உடம்பாகக் கிடந்தது.

இப்போது வருகிற ஆளைத்தான் நான் இந்தக் கதையிலேயே பெரிய ஆள் என்று நினைக்கிறேன். சம்பாஜியின் மனைவி யேசுபாய். ராஜாராமுக்கு அண்ணி முறை. புருஷன் செத்த துக்கம் ஒரு பக்கம், ஏழு வயது நிறையாத மகன் ஷாஹு ஒரு பக்கம். முறைப்படி பார்த்தால் பட்டம் அந்தப் பிள்ளைக்குத்தான். ராஜாராமின் அம்மாவுக்கும் யேசுபாயின் புருஷனுக்கும் இருந்த பகை ஊரறிந்தது. இருந்தாலும் யேசுபாய் என் பிள்ளைக்குப் பட்டம் கட்டுங்கள் என்று கேட்கவில்லை. கொழுந்தனார் ராஜாராமை முன்னால் நிறுத்தினார். எல்லோரும் ஒரே கோட்டையில் இருந்தால் எல்லோரும் ஒரே நாளில் பிடிபடுவோம், நீங்கள் வெளியே போய்விடுங்கள், நான் பிள்ளையோடு இங்கேயே இருந்து கோட்டையைக் காக்கிறேன் என்பது அவர் சொன்ன யோசனை. 1689 ஏப்ரலில் ராஜாராம் ராய்கட்டை விட்டு இறங்கினார். நவம்பரில் கோட்டை விழுந்தது. யேசுபாயும் ஷாஹுவும் கைதிகள் ஆனார்கள். ஷாஹு விடுதலையானது 1707-இல். பதினெட்டு வருஷம், அதாவது இன்றைக்கு என் வயசு எவ்வளவோ அவ்வளவு. யேசுபாய் ஊர் திரும்பியது 1719-இல். கணக்குப் போட்டால் முப்பது வருஷம் வருகிறது.

இதைப் படித்த அன்றைக்கு ஹாஸ்டலில் எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ராய்கட்டிலிருந்து பிரதாப்கட், அங்கிருந்து பன்ஹாளா. போகும் இடமெல்லாம் பின்னாலேயே மொகலாயப் படை. அப்போதுதான் செஞ்சிக்குப் போவது என்று முடிவானது. நம்ம செஞ்சியை சிவாஜி 1677-இலேயே பிஜப்பூர்க்காரர்களிடமிருந்து பிடித்திருந்தார். பிடித்ததோடு விடவில்லை, மதில்களையும் கொத்தளங்களையும் பலப்படுத்தியும் வைத்தார். சிவில் படிக்கிற நாம் அந்த மதிலை ஒரு தடவை சுற்றிப் பார்க்க வேண்டும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்று மூன்று மலை. மூன்றையும் சேர்த்து முக்கோணமாக மதில். சுற்றளவு சுமார் 13 கிலோமீட்டர். ராஜகிரி மட்டும் 800 அடி உயரம். உச்சிக்குப் போகும் வழியில் பாறையே பிளந்து கிடக்கும், சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். அதன்மேல் ஒரு பாலம். அந்தக் காலத்தில் பாலத்தை எடுத்துவிட்டால் மேலே ஏற வேறு வழி கிடையாது. பத்து பேர் நின்றால் போதும், ஆயிரம் பேரைத் தடுக்கலாம். தண்ணீருக்குச் சுனை, நெல்லுக்குக் களஞ்சியம். இதையெல்லாம் சிவாஜி பார்த்துத்தான் வைத்திருந்தார். வீடு எரிந்தால் ஓடி ஒதுங்க ஒரு தாழ்வாரம் மாதிரி.

ஆனால் பன்ஹாளாவிலிருந்து செஞ்சி இன்றைய சாலைக் கணக்கிலேயே எண்ணூறு, தொள்ளாயிரம் கிலோமீட்டர் வரும். வழி பூரா எதிரி நடமாட்டம். யாத்திரை போகிறவர்கள் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு சிறு சிறு கூட்டமாகப் பிரிந்து கிளம்பினார்கள். கேளடி நாட்டை ஆண்ட ராணி சென்னம்மா தைரியமாக வழிவிட்டு உதவினார். அதற்காகப் பின்னால் மொகலாயப் படையையும் எதிர்கொண்டார். பெங்களூரில் ஒரு கண்டம். தங்கின இடத்தில் ஒருவருக்கு மட்டும் கூட வந்தவர்கள் கால் கழுவிவிட்டதைப் பார்த்து அக்கம்பக்கத்தாருக்குச் சந்தேகம் வந்துவிட்டது என்று ஒரு கதை சொல்வார்கள். கண்டோ பல்லாள் என்ற அதிகாரியும் இன்னும் சிலரும் அங்கேயே தங்கி அடி வாங்கி, நாங்கள் யாத்திரைக்காரர்கள்தான் என்று சாதித்தார்களாம். ராஜாராம் அதற்குள் ஆம்பூர், வேலூர் வழியாகத் தப்பிவிட்டார். 1689 நவம்பரில் செஞ்சி வந்து சேர்ந்தார்.

வந்ததும் கதவு திறந்துவிடவில்லை. அது இன்னொரு கூத்து. கோட்டைப் பொறுப்பில் இருந்த ஹர்ஜி மகாதிக் அப்போதுதான் இறந்திருந்தார். அவர் மனைவி அம்பிகாபாய் சிவாஜியின் மகள், ராஜாராமுக்கு அக்காள் முறை. தம்பி வந்து நின்றும் அக்காள் உடனே இடம் கொடுக்கவில்லை. கோட்டைக்குள் இருந்தவர்கள் ராஜாராம் பக்கம் சாய்ந்த பிறகுதான் உள்ளே போக முடிந்தது. சொந்தம் எல்லா வீட்டிலும் ஒரே மாதிரிதான் போலிருக்கிறது.

இனிமேல் சொல்வது பேரவையில் இருக்கிறவர்களுக்கும், நாளைக்கு ஒரு சைட்டில் பத்து ஆளை வைத்து வேலை வாங்கப் போகிறவர்களுக்கும் முக்கியமானது.

ராஜாராமுக்குத் தன்னால் எது முடியும் எது முடியாது என்பது தெரிந்திருந்தது. பத்தொன்பது வயது. படை நடத்தின அனுபவம் இல்லை. நாடு அங்கே, தான் இங்கே. ஒரு கடிதம் போய் பதில் வருவதற்குள் அங்கே ஒரு கோட்டை விழுந்துவிடும். அதனால் தாய்நாட்டுப் பொறுப்பை ராமச்சந்திர பந்த் அமாத்யர் கையில் முழுசாகக் கொடுத்தார். ஹுகுமத் பனாஹ் என்று ஒரு பட்டம். அர்த்தம் என்னவென்றால் அவர் போடும் உத்தரவு ராஜா போட்ட உத்தரவு மாதிரி. என்னைக் கேட்காமலே முடிவு செய்யலாம் என்று எழுத்தில் கொடுத்தாயிற்று. செஞ்சியில் யோசனை சொல்ல பிரகலாத் நிராஜி. அவருக்காகப் பிரதிநிதி என்று ஒரு புதுப் பதவியே உண்டாக்கினார். சண்டைக்கு சந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் என்று இரண்டு பேர். மொகலாயச் சிப்பாய்களுக்கு அந்த இரண்டு பெயரைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். (நம்ம பேரவையில் ஒரு வாலிபால் நெட் வாங்க மூன்று கையெழுத்து வேண்டும். போன வருஷம் மூன்றாவது கையெழுத்து கிடைத்தபோது டோர்னமெண்டே முடிந்திருந்தது. துணைச் செயலாளர் என்ற முறையில் அதில் என் பங்கும் உண்டு, ஒத்துக்கொள்கிறேன்.)

அப்படியென்றால் ராஜா என்ன செய்தார் என்று கேட்பீர்கள். பிடிபடாமல் இருந்தார். சிரிக்காதீர்கள், அதுதான் அவருடைய வேலை. சம்பாஜி பிடிபட்டதால்தான் நாடே கலகலத்தது. ராஜா உயிரோடு, சுதந்திரமாக, ஒரு கோட்டையில் தர்பார் நடத்திக்கொண்டு இருக்கிறார் என்ற செய்தி இருக்கும்வரை அங்கே காட்டிலும் மலையிலும் சண்டை போடுகிறவனுக்கு ஒரு பிடிப்பு இருக்கும். இன்னொரு லாபம், ஔரங்கசீப் தன் படையை இரண்டாகப் பிரிக்க வேண்டி வந்தது. ஒரு பாதி அங்கே, இன்னொரு பாதி ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி வடார்க்காடு, தென்னார்க்காடு வெயிலில். அந்தப் படைக்குப் பணம், மருந்து, தீனி எல்லாம் வடக்கிலிருந்து வர வேண்டும். வருகிற வழியில் சந்தாஜியும் தனாஜியும் மடக்கினார்கள்.

முற்றுகை 1690 செப்டம்பரில் ஆரம்பித்தது. நடத்தியவர் ஜுல்பிகர் கான். ராய்கட்டைப் பிடித்து யேசுபாயைக் கைதாக்கிய அதே தளபதி. மூன்று மலையையும் சுற்றி வளைக்க அவரிடம் ஆள் போதவில்லை. 1691 கடைசியில் ஔரங்கசீப்பின் மகன் காம்பக்ஷும் வசீர் ஆசாத் கானும் கூடுதல் படையோடு வந்தார்கள். 1692 டிசம்பரில் சந்தாஜியும் தனாஜியும் பெரும்படையோடு இறங்கினார்கள். காஞ்சிபுரத்துப் பொறுப்பில் இருந்த அலி மர்தான் கானை சந்தாஜி சிறைப்பிடித்தார். மொகலாயர் முகாமுக்குப் போகிற தானியம் நின்றது. அதே சமயம் இளவரசர் காம்பக்ஷ் மராட்டியரோடு ரகசியமாகப் பேசுகிறார் என்று தெரிந்து அவரையே அவர் தளபதிகள் காவலில் வைத்தார்கள். கடைசியில் ஜுல்பிகர் முற்றுகையை விட்டுவிட்டு வந்தவாசிக்குப் பின்வாங்கினார். கொஞ்ச காலம் கழித்து மறுபடி வந்தார். இப்படி வருவதும் போவதுமாக 1698 வரை ஏழு வருஷத்துக்கு மேல் இழுத்தது. வயதான பாதுஷா இன்றோ நாளையோ, அதற்குள் செஞ்சி விழுந்தால் நமக்கு இங்கே என்ன வேலை என்று ஜுல்பிகரே வேண்டுமென்று இழுத்தடித்தார் என்ற சந்தேகம் அந்தக் காலத்திலேயே இருந்தது.

பணத்துக்கு ராஜாராம் என்ன செய்தார் என்பது நமக்குப் பக்கத்துச் சங்கதி. 1690-இல் கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயருக்கு விற்றார். அப்போது சென்னையில் கவர்னர் எலிஹு யேல். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் இருக்கிறதே, அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு போய் விழுகிற தூரம் வரை உள்ள நிலமும் சேர்த்தி என்பது பேரம். வெள்ளைக்காரர்கள் நல்ல பீரங்கியாகப் பார்த்துச் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் வந்த ஊர்களைக் குண்டு கிராமங்கள் என்றே வெகுகாலம் சொன்னார்கள். செயின் இல்லை, டேப் இல்லை, குண்டால் ஒரு சர்வே! அந்தக் கோட்டைதான் பின்னால் செயின்ட் டேவிட் கோட்டை. விற்றது சரியா தப்பா என்று இன்று உட்கார்ந்து சொல்வது சுலபம். சிப்பாய்க்குச் சம்பளம் கொடுக்க அன்று வேறு எது இருந்தது?

1691-இல் கோர்படே குடும்பத்து சர்தார் ஒருவருக்கு ராஜாராம் கொடுத்த சாசனம் ஒன்று உண்டு. ராய்கட்டை மீட்டால் இவ்வளவு, பிஜப்பூர் பிடித்தால் இவ்வளவு, கோல்கொண்டாவுக்கு இவ்வளவு, ஔரங்காபாத்துக்கு இவ்வளவு, டில்லியைப் பிடித்தால் பாக்கி இவ்வளவு என்று பணம் எழுதித் தந்திருக்கிறார். எழுதின ஆள் எங்கே உட்கார்ந்திருக்கிறார் பாருங்கள். செஞ்சிக் கோட்டையில், சுற்றிலும் எதிரி, சொந்த ஊரில் ஒரு குழி நிலம் கையில் இல்லை. டில்லிக்கு ரேட் போடுகிறார்! முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாவது தடவை வரவில்லை.

அவருடைய தப்பையும் மறைக்காமல் எழுத வேண்டும். சர்தார்களைப் பிடித்து வைத்துக்கொள்ள பரம்பரை நிலமானியம் கொடுக்க ஆரம்பித்தார். அப்பா சிவாஜி எதை வேண்டாம் என்று கட்டுப்படுத்தினாரோ அதையே. ஆள் தங்கினார்கள், ஆனால் ஒவ்வொருவரும் ஒரு குட்டி ராஜாவாக ஆவதற்கு விதை போட்டாயிற்று. அதைவிடப் பெரிய தப்பு சந்தாஜி விஷயம். சந்தாஜி பெரிய வீரர், வாயும் கையும் கடுமை, யாருக்கும் அடங்கமாட்டார். தனாஜி எல்லோரையும் அனுசரித்துப் போகிறவர். இரண்டு பேருக்கும் ஆகவில்லை. சேனாபதி பதவியை சந்தாஜியிடமிருந்து பிடுங்குவதும் திருப்பிக் கொடுப்பதுமாக இருந்தார் ராஜாராம். 1696-இல் சந்தாஜியும் தனாஜியும் நேருக்கு நேர் மோதினார்கள். ராஜா தனாஜி பக்கம் நின்றார். நின்ற பக்கம் தோற்றது. அடுத்த வருஷம் சந்தாஜியை மராட்டியர் ஒருவரே பகை தீர்க்கக் கொன்றுபோட்டார். மொகலாயரால் ஏழு வருஷமாக முடியாததை இவர்களே செய்துகொண்டார்கள்.

சர்வே பிராக்டிகலில் பிரிஸ்மாட்டிக் காம்பஸ் வைத்து பேரிங் எடுக்கும்போது பக்கத்தில் இரும்பு கேட்டோ கரண்ட் கம்பமோ இருந்தால் ஊசி லேசாக அந்தப் பக்கம் இழுக்கும். லோக்கல் அட்ராக்‌ஷன் என்று நமக்குச் சொல்லித் தந்தார்கள். இழுக்கிறது என்று அந்த இடத்தில் நிற்கும்போது தெரியாது. அடுத்த ஸ்டேஷன் போய் பேக் பேரிங் எடுத்துக் கணக்கு இடிக்கும்போதுதான் தெரியும். எதிரி சுற்றி நின்றபோது ராஜாராமின் ஊசி சரியாகத்தான் காட்டியது. கூடவே இருந்தவர்கள் இழுத்த இழுப்பில்தான் மாறியது. நம்ம பேரவையிலும் இந்த வருஷம் இரண்டு பேர் பேசிக்கொள்ளாமல் இருந்தார்கள். இரண்டு பேரும் என் சிநேகிதர்கள். நான் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் நழுவிக்கொண்டே இருந்தேன். ஒருவர் ராஜினாமா கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அவர்தான் எங்களில் வேலை தெரிந்தவர். இதை அவர் படிப்பார் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

1697 கடைசியில் கோட்டைக்குள் நிலைமை முடிந்துவிட்டது. ராஜாராம் பெண்டு பிள்ளைகளை உள்ளேயே விட்டுவிட்டு இரவோடு இரவாக வெளியேறினார். மொகலாயர் பக்கம் இருந்த மராட்டியர் சிலரும் உதவினார்கள், ஜுல்பிகர் கானும் கண்டும் காணாமல் விட்டார் என்பார்கள். வேலூர் போய், அங்கிருந்து சொந்த நாட்டுக்கு. 1698 தொடக்கத்தில் ஜுல்பிகர் கான் ராஜகிரி ஏறினார். உள்ளே ராஜா இல்லை. ஏழு வருஷம் காத்திருந்து பிடித்தது காலிக் கூடு. செஞ்சிக்கு நுஸ்ரத்கட் என்று அவர் பட்டப் பெயரையே வைத்தார்கள். அந்தப் பெயர் நிலைக்கவில்லை. பிறகு புந்தேலர் ஸ்வரூப்சிங் கிலேதாராக வந்தார். அவர் மகன்தான் நம்ம தேசிங்கு.

ஊர் போன ராஜாராம் சும்மா இருக்கவில்லை. படை கூட்டிக்கொண்டு கிளம்பினார். ஆனால் உடம்பு கேட்கவில்லை. 1700 மார்ச் 3-ஆம் தேதி சிங்ககட் கோட்டையில் நோயில் இறந்தார். வயது முப்பது. இத்தோடு மராட்டியர் கதை முடிந்தது என்று மொகலாயர் முகாமில் சந்தோஷப்பட்டார்களாம். அவர் மனைவி தாராபாய்க்கு அப்போது இருபத்தைந்து வயதுதான். செஞ்சியில் அத்தனை வருஷ முற்றுகையைப் பார்த்தவர். சின்னப் பிள்ளையை அரியணையில் வைத்துவிட்டு அவரே போரை நடத்தினார். 1707-இல் செத்தது ஔரங்கசீப்தான். டில்லி திரும்பாமலேயே தக்காணத்தில் செத்தார்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டைச் சேர்த்தார்கள். பதினொன்று மகாராஷ்டிராவில். பன்னிரண்டாவது நம்ம செஞ்சி. ராய்கட், பிரதாப்கட், பன்ஹாளா, செஞ்சி நான்கும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ராஜாராம் ஓடின வழி அப்படியே அதில் இருக்கிறது பாருங்கள்.

தூக்கம் வராததைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பத்தாவது தாண்டவில்லை. அப்பா அம்மா இரண்டு பேரும் கூலி. அண்ணன் என்னைவிட ஆறு வயது பெரியவர். பத்தாவதில் என்னைவிட நல்ல மார்க். அந்த வருஷம்தான் அப்பா கால் ஒடிந்து படுத்தார். அண்ணன் பெங்களூருக்கு சென்ட்ரிங் வேலைக்குப் போய்விட்டார். நான் பத்தாவது முடித்ததும் பாலிடெக்னிக் ஃபாரம் வாங்கிக்கொடுத்தது அவர்தான். முதல் செமஸ்டரில் எனக்கு மூன்று பேப்பர் அரியர். ஹாஸ்டல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராக பெங்களூர் பஸ் ஏறிவிட்டேன். அண்ணன் வேலை செய்த பில்டிங்குக்கே போய், நானும் உன்கூட சென்ட்ரிங்குக்கு வர்றேன், எனக்குப் படிப்பு ஏறலை என்றேன். அவர் கம்பி முறுக்கிக்கொண்டே இருந்தார். ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் சாப்பாடு வாங்கிக்கொடுத்து, திருவண்ணாமலை பஸ்ஸில் உட்கார வைத்து, டிக்கெட்டும் அவரே எடுத்தார். இரண்டு பேரும் இதே வேலைக்கு வந்துவிட்டால் வீட்டில் மிச்சம் யார் என்று மட்டும் கேட்டார். அன்று எனக்கு அது கோபமாகத்தான் இருந்தது. என்னை விரட்டுகிறார் என்று நினைத்தேன். யேசுபாய் கதையைப் படித்த அன்றுதான் அந்த பஸ் ஸ்டாண்டு திரும்ப ஞாபகம் வந்தது.

அந்த மூன்று பேப்பரும் இப்போது கிளியர். மேலே பி.இ. சேருவதா, வேலைக்குப் போவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. ஆனால் இந்தத் தடவை அண்ணனிடம் கேட்காமல் ஓடமாட்டேன்.

இந்தப் பொங்கலுக்கு அண்ணன் ஊருக்கு வந்திருந்தார். பிறந்து வளர்ந்தது இங்கேதான், ஆனாலும் ராஜகிரி ஏறினதில்லை. கூட்டிக்கொண்டு போனேன். கல்யாண மகாலின் மாடிகளை அண்ணாந்து பார்த்து இதற்கு எப்படி முட்டுக் கொடுத்திருப்பார்கள் என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. ஆர்ச் பற்றிப் புத்தகத்தில் இருந்ததைச் சொன்னேன். அவர் அதை ஒத்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை, அந்தத் தளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். உச்சிக்குப் போகிற பாலத்தில் நின்று ராஜா எந்தப் பக்கம் தப்பித்துப் போனார் என்றார். வேலூர் பக்கம், அப்புறம் மேற்கே என்று கையைக் காட்டினேன். கீழே திருவண்ணாமலை ரோட்டில் ஒரு பஸ் போய்க்கொண்டிருந்தது. பெங்களூர் வண்டியும் அந்த வழியாத்தான் போகும் என்றார். ராத்திரி ஒன்பது மணி வண்டிக்கு அவருக்கு டிக்கெட். இறங்கும்போது நான் முன்னால் வந்தேன், படி வழுக்கும் என்று அவர் என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டே வந்தார்.